முழுச் சம்பளத்தோடு ஓராண்டு விடுப்பு: ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

பல்கலைக்கழக வேலையில் இருப்பவர்களுக்குச் சபாட்டிகல் விடுப்பு என்றாலே ஒரு மயக்கம் உண்டு. ஓராண்டு வகுப்பு கிடையாது, விடைத்தாள் கிடையாது, தர மதிப்பீட்டுக்கு நாக் கமிட்டி வருகிறது என்று இரவெல்லாம் ஃபைல் கட்ட வேண்டாம். முழுச் சம்பளம் வரும், ஆராய்ச்சி மட்டும் செய்யலாம். நானும் அந்த மயக்கத்தில்தான் விண்ணப்பித்தேன். விடுப்பு கிடைத்தது, வேலையும் நடந்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நடுவில் ஐந்து மாதம் சம்பளம் நின்றது. அந்தச் சம்பளம் பிறகு வந்துவிட்டாலும், வாடகை முன்பணம், டிக்கெட், வட்டி என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் திரும்பி வராமலே போனது. எங்கள் துறையில் எனக்கு முன்னால் இந்த விடுப்பில் போனவர் யாரும் இல்லாததால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், வரலாற்றுத் துறை. ஊர், பேர் வேண்டாம்.

முதலில் தகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யூ.ஜி.சி.யின், 2018 ஒழுங்குமுறைப்படி, இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு ஆண்டுகள் பணி முடித்த நிரந்தர ஆசிரியர்தான் சபாட்டிகல் கேட்க முடியும். உதவிப் பேராசிரியராக இருந்த காலம் இந்த ஏழில் சேராது. நிறையப் பேர் மொத்த சர்வீஸைக் கணக்குப் போட்டுக்கொண்டு ஆசையாக வந்து நிற்கிறார்கள். உதவிப் பேராசிரியர்களுக்கு இருப்பது படிப்பு விடுப்பு. அது மூன்று ஆண்டு தொடர் பணிக்குப் பிறகு, முதலில் இரண்டு ஆண்டு, தேவைப்பட்டால் இன்னும் ஓர் ஆண்டு. அதற்கு பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்து குறைந்தது மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும், அறிக்கை போகாவிட்டால் சம்பளத்தை நிறுத்தி வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணி இருக்கிறது. படிப்பு விடுப்பிலிருந்தோ, ஓராண்டுக்குக் குறையாத வேறு பயிற்சியிலிருந்தோ திரும்பியவர், அந்தத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டு கழிந்த பிறகுதான் சபாட்டிகல் கேட்கலாம். சபாட்டிகல் ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் கிடையாது, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு ஆண்டுதான். இதெல்லாம் யூ.ஜி.சி. சொல்வது. உங்கள் பல்கலைக்கழகச் சட்டவிதியில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், அதனால் இரண்டையும் அச்செடுத்து, பொருந்துகிற பத்திகளைக் கோடிட்டு, விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். பிரிவில் இருக்கிற உதவியாளர் வாழ்நாளில் ஒரு சபாட்டிகல் ஃபைலைப் பார்த்திருக்க மாட்டார். ஈட்டிய விடுப்புக்குப் போடுகிற நோட்டையே தேதி மாற்றிப் போடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

2022 ஜூனில் துறைத்தலைவர் வழியாக விண்ணப்பித்தேன், அடுத்த ஜனவரியில் கிளம்பலாம் என்ற கணக்கில். ஆறு மாதம் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். போதாது, ஓராண்டு முன்பே கொடுங்கள். துறைத்தலைவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் முதல் கேள்வியே, "மேடம், உங்க பேப்பரை யார் எடுப்பா? ஏற்கெனவே ரெண்டு போஸ்ட் காலியா இருக்கு" என்பதுதான். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாம் போவதால் சுமை விழுவது பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில். நான் என் வகுப்புகளை யார் யார் எடுப்பார்கள் என்று இரண்டு சக ஊழியர்களிடம் பேசி, அவர்கள் கையெழுத்தோடு ஒரு பணிப் பகிர்வுத் தாள் தயாரித்து இணைத்தேன். பதிலுக்கு, போவதற்கு முந்தைய பருவத்தில் அவர்களுடைய தேர்வுப் பணிகளை நான் எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு தாள் இல்லாமலிருந்தால் ஃபைல் துறையை விட்டே வெளியே போயிருக்காது. கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் தபால் பிரிவில் முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். "குடுத்துட்டேன் சார்" என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் மதிப்பு கிடையாது.

ஆராய்ச்சித் திட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். என் தலைப்பு நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்களுக்குத் துணி நெய்து கொடுத்த நெசவாளர்களும் இடைத்தரகு வணிகர்களும். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1610 முதல் பழவேற்காட்டில் கால் ஊன்றியிருந்தது. 1690-இல் சோழமண்டலக் கடற்கரைக்கான தன் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. 1781-இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை அது அங்கேதான் இருந்தது. கொஞ்சம் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உண்டு என்றாலும் பெரும் பகுதி நெதர்லாந்தின் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கம்பெனியின் ஆவணங்கள் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். என் திட்டத்தைப் பரிசீலித்த குழுவில் வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போட்டுட்டாங்களேம்மா, இங்கயே உக்காந்து படிக்கலாமே?" இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். அறிவியல்காரர்களிடம் "அந்தக் கருவி ஐ.ஐ.டி.யிலேயே இருக்கே" என்று கேட்பார்கள். நான் திட்டத்திலேயே பதில் எழுதியிருந்தேன்: ஸ்கேன் செய்யப்பட்டவை எவை, செய்யப்படாத தனியார் தாள்களும் நிலப்படங்களும் எவை, பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்க யாருடன் உட்கார்ந்து பழக வேண்டும் என்று. ஓராண்டில் முதல் பாதி அங்கே, மறு பாதி வீட்டிலிருந்து எழுத்து வேலை என்று மாதவாரியாகப் பிரித்தும் கொடுத்தேன். குழு வேறு எதையும் கேட்கவில்லை. "உலக அறிவுக்குப் பங்களிப்பு" மாதிரியான வாக்கியங்களை எடுத்துவிட்டு, கையில் என்ன கொண்டு வருவீர்கள் என்று எழுதுங்கள்.

பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்து, அவருக்குப் பதிலாகக் கன்வீனர் கமிட்டி பொறுப்பேற்றிருந்த நேரம். விடுப்பைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்தான் அனுமதிக்க வேண்டும், சிண்டிகேட் எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கூட்டத்தில் என் விஷயம் அஜெண்டாவில் ஏறவில்லை, அடுத்த கூட்டத்தில் ஏறியும் நேரமில்லை என்று தள்ளிப்போனது. இதற்குள் என்னை அழைத்திருந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஜனவரிக்கு அறை பார்த்துத் தந்துவிட்டது. அங்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் ஒரு மாத வாடகை 950 யூரோ முன்பணமாகக் கட்டினேன். டிக்கெட்டும் போட்டேன். ஆணை வந்தது பிப்ரவரி கடைசியில். முன்பணம் போனது, டிக்கெட் தேதி மாற்ற 41 ஆயிரம் ஆனது. பணத்தை விடுங்கள், ஜனவரியில் போயிருந்தால் மகளின் பிளஸ் டூ தேர்வுக்கு ஒரு வாரமாவது வந்து பக்கத்தில் இருந்திருப்பேன், அப்படித்தான் திட்டம். தள்ளிப்போனதில் கிளம்பியதே அவள் தேர்வு நடுவில். "சம்பளமும் வாங்கிட்டு ஊரும் சுத்தப் போறா, பொண்ணு பரீட்சைகூடப் பெருசில்ல" என்று உறவில் ஒருவர் சொன்னது என் காதுக்கு வந்தது. அதை நினைத்து விமானத்தில் அழுதுகொண்டுதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது.

அதனால், அழைக்கிற நிறுவனத்திடம் தொடக்கத் தேதியை ஒரே நாளாகக் கேட்காதீர்கள். "இந்த மாதம் முதல் இந்த மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும்" என்று கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தருவார்கள். ஆணை கைக்கு வரும் வரை திரும்பப் பெற முடியாத எதற்கும் பணம் கட்டாதீர்கள். நெதர்லாந்தில் 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் சுற்றுலா விசா உதவாது, அழைக்கும் நிறுவனமே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அவர்களுக்கும் வாரக்கணக்கில் நேரம் வேண்டும். இன்னொன்று, விடுப்பு ஆணை வேறு, வெளிநாடு செல்வதற்கான தடையின்மைச் சான்று வேறு. இரண்டையும் தனித்தனியாக, ஆனால் ஒரே நாளில் கேளுங்கள். ஒன்று வந்த பிறகு மற்றதைக் கேட்டால் ஃபைல் மறுபடி முதல் மேசையிலிருந்து நடக்கும்.

இப்போது ஆணைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். என் ஆணையில் இருந்தது ஒரே வரி. இன்ன தேதி முதல் ஓராண்டுக்குச் சபாட்டிகல் விடுப்பு "விதிகளுக்கு உட்பட்டு" அனுமதிக்கப்படுகிறது, அவ்வளவுதான். கையில் கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு அது போதுமானதாகத் தெரிந்தது, பார்த்த எல்லாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. விதி என்ன சொல்கிறது? விடுப்புக்குப் போகும் முன் வாங்கிய விகிதத்தில் முழு ஊதியமும் படிகளும் உண்டு. விடுப்புக் காலத்தில் வேறு எங்கும் நிரந்தர வேலை பார்க்கக் கூடாது, ஆனால் ஃபெலோஷிப் நல்கையோ மதிப்பூதியத்தோடு தற்காலிக ஆய்வுப் பணியோ ஏற்கலாம். அப்படி ஏற்றால், ஆட்சிக்குழு விரும்பினால் குறைந்த ஊதியத்தில் விடுப்பை அனுமதிக்கலாம். அந்த "விரும்பினால்" என்ற இடத்தில்தான் நான் மாட்டினேன். அழைத்த நிறுவனம் தங்கும் செலவுக்கு மாதம் 1,200 யூரோ கொடுத்தது, அதை விண்ணப்பத்திலேயே நான் தெரிவித்திருந்தேன். சிண்டிகேட் ஊதியத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, முழுசாகக் கொடுக்கவும் சொல்லவில்லை. இரண்டு மாதம் சம்பளம் வந்தது. அதன் பிறகு தணிக்கையில் யாரோ ஒரு பென்சில் குறிப்பு எழுதினார்கள்: வெளியிலிருந்து தொகை பெறுகிறார், முழு ஊதியம் எந்த ஆணைப்படி? நிதிப் பிரிவு அதைப் பார்த்ததும் சம்பளத்தை அப்படியே நிறுத்திவிட்டது. குறைக்கவில்லை, நிறுத்திவிட்டது. தெளிவுரை வரட்டும் என்று.

ஆகவே ஆணையில் இவை வெளிப்படையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ரிலீவ் ஆக வேண்டும்: முழு ஊதியத்துடனா குறைந்த ஊதியத்துடனா, எந்தெந்தப் படிகள் உண்டு, வீட்டு வாடகைப்படி தொடருமா, வெளியிலிருந்து பெறும் தொகையை அறிந்தே அனுமதிக்கிறார்களா, ஆண்டு ஊதிய உயர்வு உரிய தேதியில் உண்டா, திரும்பிப் பணியில் சேர்ந்தால் இந்தக் காலம் ஓய்வூதியத்துக்கோ சேமநிதிக்கோ பணிக்காலமாகச் சேருமா. கடைசி இரண்டும் யூ.ஜி.சி. விதியிலேயே இருக்கின்றன, புதிதாக எதையும் யாரும் தரப் போவதில்லை. இருந்தாலும் ஆணையில் ஏற வேண்டும். அஜெண்டாவுக்குப் போகும் குறிப்பிலேயே இந்த வரிகள் இருந்தால் தீர்மானத்திலும் இருக்கும், தீர்மானத்தில் இருந்தால் ஆணையிலும் வரும். குறிப்பு எழுதும் நாளில் பிரிவுக்குப் போய், "சார், இதையும் சேத்துக்கோங்க" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டுங்கள். அவருக்கும் வேலை மிச்சம்.

சம்பளம் நின்றால் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. எனக்கு அது புரிந்தது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், காப்பகத்தின் வாசிப்பறையிலிருந்து வெளியே வந்து கைபேசியைத் திறந்தபோது. வீட்டுக் கடன் தவணை திரும்பியிருந்தது, அதற்கு வங்கி போட்ட அபராதம் தனி. எல்.ஐ.சி. பிரீமியம் சம்பளத்தில் பிடிக்கிற முறையில் இருந்ததால் கட்டாமல் நின்றது, பாலிசி காலாவதி ஆகும் என்று செய்தி. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கான பத்து சதவீதப் பிடித்தம் இல்லை, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தமும் இல்லை. கணவர் தனியார் வேலையில் இருப்பவர், அவர் சம்பளத்தில் வீட்டுச் செலவும் மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணமும் சேர்ந்து நின்றன. கடைசியில் என் நகைகளை வைத்து ஐந்து லட்சம் வாங்கினார். தொலைபேசியில் அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், "வேற வழியில்லப்பா, வந்து மீட்டுக்கலாம்" என்று. எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு வரிகூடப் படிக்க ஓடவில்லை. வட்டி மட்டும் 45 ஆயிரத்தைத் தாண்டியது. பிரிவுக்குப் போன் செய்தால், "ஃபைல் மேல போயிருக்கு மேடம், நேர்ல வந்தீங்கன்னா பேசிக்கலாம்" என்பார்கள். நேரில் வர முடியாத விடுப்பில்தான் இருக்கிறேன் என்பதை எத்தனை பேரிடம் சொல்வது?

போவதற்கு முன் செய்ய வேண்டியவை இதிலிருந்தே தெரியும். ஆறு மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்குமான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்புவதைத் தள்ளிப் போடுங்கள். சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியத்தை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போவது மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்காக அலுவலகத்தில் மனு கொடுக்க, ஃபைல் விசாரிக்க, ஆணை பெற்றுக்கொள்ள ஒரு சக ஊழியருக்கு அதிகாரக் கடிதம் எழுதி, பதிவாளருக்கு அதன் நகலைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எனக்குக் கடைசியில் காரியம் நடந்தது அப்படித்தான். என் வகுப்புகளை எடுத்துக்கொண்ட அதே தோழி, தன் வகுப்பு முடிந்ததும் நிதிப் பிரிவு வாசலில் போய் நின்றாள். யூ.ஜி.சி. விதியின் பத்தியைக் காட்டி, குறைந்த ஊதியம் என்று சிண்டிகேட் தீர்மானிக்காத வரை முழு ஊதியம்தான் என்று என் பெயரில் மனு எழுதியவளும் அவளே. தெளிவுரை வந்து அடுத்த மாதச் சம்பளம் ஓடத் தொடங்கியது. நின்றுபோன ஐந்து மாதப் பாக்கி மட்டும் நான் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான் கைக்கு வந்தது.

வேலை எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு: நன்றாகப் போனது. மை தின்ற தாள்களில் நம் ஊர் நெசவாளர்களின் பெயர்கள் டச்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். ஒரு பெயர் பிடிபட அரை நாள் ஆகும், பிடிபட்டதும் வருகிற சந்தோஷத்துக்கு ஈடில்லை. ஆனால் முதல் சில வாரங்கள் எனக்குப் பெரிய வெறுமை. இருபது வருடமாக மணியடித்தால் எழுந்து ஓடிய உடம்பு, யாரும் கூப்பிடாத நாளை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. ஓய்வெடுத்தால் குற்ற உணர்ச்சி, வேலை செய்தால் வீட்டு நினைப்பு. இது எல்லாருக்கும் வருகிறதா என்று தெரியாது. வந்தால் பயப்பட வேண்டாம், எனக்கு ஒரு மாதத்தில் தணிந்தது.

ஆராய்ச்சி மாணவர்களை மறந்துவிடாதீர்கள். நாம் விடுப்பில் போனாலும் அவர்களுடைய கெடு விடுப்பில் போகாது. டாக்டோரல் கமிட்டிக் கூட்டம், அரையாண்டு அறிக்கையில் கையெழுத்து, ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பு எல்லாம் தேதிப்படி வரும். என் மாணவி ஒருத்தி ஆய்வேடு கொடுக்க வேண்டிய காலமும் என் விடுப்பும் ஒன்றாக வந்தன. இணைய வழியில் கூட்டம் நடத்தவும், மின்னஞ்சலில் அனுப்பும் கையெழுத்தை ஏற்கவும், அவசரத்துக்குத் துறையிலேயே ஒருவர் பொறுப்பு நெறியாளராக இருக்கவும் கிளம்பும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்ததால் அவள் தப்பித்தாள். இதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, கேட்டதும் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பணியில் சேரும் தேதியைக் கவனியுங்கள். விடுப்பு முடிகிற மறுநாள் விடுமுறையாக இருந்தால் என்றைக்குச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அதை எந்த விடுப்பில் சேர்ப்பது என்று தனி ஃபைல் பிறக்கும். பாக்கிச் சம்பளம் அடுத்த நிதியாண்டில் மொத்தமாக வந்ததால் வருமான வரி ஏறியது. அதற்கு அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் நிவாரணம் இருந்தது, வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன் 10இ படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. படிவம் போடாமல் நிவாரணம் மட்டும் கேட்டால் நோட்டீஸ் வரும். எங்கள் அலுவலகத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை, ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டு வாடகைப்படி மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை. வெளியூரில் இருந்தவருக்கு இந்த ஊர் வாடகைப்படி எதற்கு என்கிறார்கள், குடும்பம் இதே வாடகை வீட்டில்தான் இருந்தது என்று ரசீதோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாகப் பணிப்பதிவேடு. விடுப்புக் காலமும், அது பணிக்காலமாகச் சேரும் என்பதும், ஊதிய உயர்வும் பதிவேட்டில் ஏறினவா என்று நீங்களே போய்ப் பாருங்கள். "போட்டாச்சு மேடம்" என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் விடுப்பு தொடங்கிய தேதியை ஒரு மாதம் முன்னால் எழுதியிருந்தார்கள். விட்டிருந்தால் ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு மாதம் விடுப்பை மிஞ்சி இருந்ததாகக் கணக்காகியிருக்கும். அடித்துத் திருத்தி, பக்கத்திலேயே சுருக்கொப்பமும் போட வைத்துவிட்டுத்தான் பிரிவிலிருந்து வெளியே வந்தேன்.